வாளி வாங்கிய பிறகும் விலைக்கிருக்கும் மச்சு

1

1991-இல் ராஜபாளையத்தில் ஒரு மச்சை விற்றுக்கொடுப்பதற்காக நான் எழுதிய நோட்டீஸ்தான் இந்தக் கதையின் முதல் வரைவு. அதிலேயே மூன்று பொய். பிறகு திருத்தி எழுதியதில் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

“பஞ்சு குடோனுக்கு மேலே ஒரே கூடமாக விசாலமான மச்சு வீடு. ஜன்னலில் மலை தெரியும். எல்லாச் சமூகத்தாரும் ஒற்றுமையாக வாழும் தெரு.”

கூடம் விசாலம்தான், அடுக்களைக்குச் சுவர் கிடையாது, சேலைத் திரை. மலை, முக்காலி போட்டு ஏறினால் தெரியும். ஒற்றுமை, குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

பார்க்க வந்தவர்கள் வீட்டை விட்டுவிட்டு மூன்றாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். “எல்லாச் சமூகம்னா யார் யாரு?” நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருவேன். தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். தலையாட்டல் நிற்கிற வீடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.*

* நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். வீட்டுத் தரகன். பால்கோவா எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் இத்தோடு எழுந்துகொள்ளலாம். இந்தக் கதையில் பால் மட்டும்தான்.

2

மச்சின் சொந்தக்காரி ஞானபாக்கியம், கண்ணீர் மல்க ஜன்னலோரம்...

(அடித்துவிட்டேன். முப்பது வருஷம் ஊருக்கே ஊசி போட்ட நர்ஸ் அவர். அழுவதெல்லாம் எதிராளியின் வேலை.)

சிஸ்டர் ஞானபாக்கியம், வயது அறுபத்தொன்று, தனிக்கட்டை. மகன் ராபர்ட் மெட்ராஸில். வித்துட்டு வந்துருங்கம்மா என்று மாதாமாதம் கடிதம் போட்டான். ஒருநாள் இவரும் சரி என்றுவிட்டார். விற்றுவிட்டால் திரும்பி வர ஓர் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நோட்டீஸில் அதை எழுதவில்லை.

இதுவரை எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

“ஏலே ஐயாதுரை, என்னைய எதுக்குலே இம்புட்டுப் பாவமா எழுதி வச்சிருக்க? தனிக்கட்டையாம். அதை அழி மொதல்ல.”

அழிக்கவில்லை. அவர் சொல்லி நான் கேட்காத ஒரே விஷயம் இது.

3

மில் ஃபிட்டர் காளிராஜ் மட்டும் சமூகம் பற்றிக் கேட்கவில்லை. “தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது?” என்றார். விலை படிந்தது. ஆனால் வில்லங்கச் சான்று கைக்கு வருவதற்குள் மார்கழி பிறந்துவிடும். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் பாலைக் காய்ச்சிவிடுவது, தையில் கிரயம் என்று பேசி முடித்தோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான சிஸ்டரும், “காய்ச்சிட்டுப் போங்க, எனக்கென்ன” என்றார்.

காளிராஜின் மனைவி சீனியம்மாள், முந்தின நாளே புது ஸ்டவ்வில் சீமெண்ணெய் ஊற்றி மச்சில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் பார்த்தால் சொட்டு எண்ணெய் இல்லை. தரையிலும் ஈரமில்லை. நல்ல நேரம் முடியக் கால் மணி.

“இனிம ஊத்தி அந்தப் புதுத் திரி என்னைக்கு ஊறும்? ஏட்டி, என் அடுப்புல வையி” என்றார் சிஸ்டர். புதுப் பித்தளைப் பானை அந்தச் சின்ன அடுப்பில் நிற்கவில்லை. அவருடைய அலுமினியச் சட்டியையே ஏற்றினோம். பால் பொங்கி வழிந்தது, கிழக்கே பார்த்து. பெண்கள் குலவையிட்டார்கள்.

குலவை ஓய்ந்ததும் காளிராஜின் அம்மா வெள்ளைத்தாய் மெதுவாகக் கேட்டார்.

“அடுப்பு அவிய அடுப்பு. ஏனமும் அவிய ஏனம். அப்ப பாலு யாருக்குப் பொங்குச்சு?”

“தையில மறுக்கா காய்ச்சிக்கிடுவோம்மா” என்றார் காளிராஜ்.

“ஒரு வீட்டுக்கு எத்தன தடவலே காய்ச்சுவ?”

பால் சிஸ்டருக்குத்தான் பொங்கியது என்று தெரு அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டது. எதிர்வீட்டு சுடலையம்மாள், “புது வீடு ராசியா இருக்கட்டும் சிஸ்டர்” என்று ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை மொய்யாகக் கொடுத்தாள். சிஸ்டர் வாங்கிக்கொண்டார்.

(விற்கப் போகிறவர் வாளி வாங்குவாரா?)

4

முடிவு அ: சிஸ்டர் மெட்ராஸ் போகிறார். பேரப்பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்கிறது. (அவன் இவரைப் பார்த்ததே இரண்டு தடவை. ஓடி வரமாட்டான்.)

முடிவு ஆ: காளிராஜ் மனமிரங்கி வீட்டை விட்டுக்கொடுக்கிறார். (இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் கிடக்கிற மனிதர் எதற்கு இரங்க வேண்டும்?)

முடிவு இ எழுதுவதற்கு எனக்கு ஒரு தகவல் தேவைப்பட்டது. மார்கழியில் ஒருநாள் போய்க் கேட்டேன்.

“நெசத்தச் சொல்லுங்க சிஸ்டர். அந்த ஸ்டவ்வுல இருந்த எண்ணெய்...”

“காப்பிக்குச் சீனி போதுமா?”

“போதும். எண்ணெய்...”

“பொறவு ஏன் முழிக்க? குடி.”

காப்பியில் சீமெண்ணெய் வாசம் இல்லை. மூலையில் பச்சை வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.

5

தை. பதிவு அலுவலகம். காளிராஜும் சீனியம்மாளும் ஒரு பக்கம். மெட்ராஸிலிருந்து வந்த ராபர்ட் ஒரு பக்கம், கையில் மெட்ராஸ் திரும்ப இரண்டு டிக்கெட். சாட்சிக்கு நான். தரகனாக எனக்கு அந்தக் கையெழுத்து விழுந்தாக வேண்டும். கதை எழுதுகிறவனாக விழக் கூடாது.

அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். “மனசாரத்தான் எழுதிக் குடுக்கீங்களா?”

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். ராபர்ட்டைப் பார்த்தார். சீனியம்மாளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எழுதுகிறவன் நீதானே, சொல்லித் தொலை என்கிற பார்வை. நான் காகிதத்தில் குனிந்துகொண்டேன்.

“செத்த நேரம் இருங்க” என்றார் அதிகாரியிடம்.

அந்தச் செத்த நேரத்துக்கு மேல் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. மூடி திறந்த பேனா அவர் கையில் அப்படியே இருக்கிறது. மச்சில் வாளியும் அப்படியே இருக்கிறது. நான் சாட்சி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு சாட்சி இன்னும் வரவில்லை. வாருங்கள், இடம் இருக்கிறது.