மாடியில் ஓர் இறக்கை

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. கணக்கின் முடிவுக்குக் காத்திருந்த ஒரு பொறியாளரை, "வூட்ல சும்மாதானே குந்திக்கினு இருக்க" என்று சொல்லித் திருக்கோவிலூர் நிச்சயதார்த்தத்துக்கு இழுத்துச் சென்றது அநியாயம். அப்படிச் சொன்னவர் ரசூல் பீவி. பொறியாளர் அவருடைய மகள் ஷிரின். ஒலியை முந்திப் பறக்கப்போகும் பயணியர் விமானத்துக்கு இறக்கை வடிவமைக்கும் பெங்களூரு நிறுவனமொன்றுக்கு, கள்ளக்குறிச்சியில் தந்தையின் பாத்திரக்கடை மாடியிலிருந்தே அவள் உழைத்து வந்தாள். அவள் வரைந்த இறக்கைமீது காற்று எவ்வாறு மோதும் என்னும் கணக்கு நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் விடை வராவிட்டால் அவளுடைய வடிவம் தள்ளுபடி. "லேப்டாப்ப யாரும் தொடாதீங்க அத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

தந்தை முகம்மது கவுஸ் அதைத் தொடவில்லை. பக்கத்துக் கடை தீப்பிடித்த ஆண்டிலிருந்து, ஜும்மாத் தொழுகைக்குப் புறப்படும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றும் இறக்கினார். திரும்பி வந்து அதை ஏற்றியபோது மாடியில் மின்விசிறி சுழலத் தொடங்கும் ஓசை கேட்டது. அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். பேட்டரி செத்த பழைய கணினி. திரை கரேலென்று இருந்தது. மகளின் விமானத்தைத் தம் கையாலேயே வீழ்த்திவிட்டதாக நம்பினார். குண்டான் கேட்டவருக்குத் தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தார். கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாரேயன்றி, அவளை அழைக்கத் துணிவு வரவில்லை.

மாலையில் தாயும் மகளும் வந்திறங்கினர்.

"ஷிரினு... மெயின நான்தாம்மா எறக்கிட்டேன். உன் ஏரோப்ளேன்..."

"நிச்சயத்துக்கு வாங்கன்னா கடை இருக்குதுன்னீங்க. கடையில இருந்து பண்ண வேலையப் பாரு!" என்றார் ரசூல் பீவி.

ஷிரின் சிரித்துவிட்டாள். "அய்ய, கணக்கு இதுலயா ஓடுது? மும்பைல ஆயிரக்கணக்கான மெஷின வாடகைக்கு எடுத்து, கிளவுடுல ஓட்டுறோம். இது சும்மா ஜன்னலு அத்தா. ஜன்னலச் சாத்துனா தெருவுல பஸ்ஸு நின்னுடுமா?"

"அந்தக் கிளவுடுக்கு மெயினு எவன் கைல இருக்கு?"

"உங்க கைல இல்ல. அதான் நிம்மதி."

முதுகிலிருந்த மூட்டையை இறக்கியவர்போல் கவுஸ் நாற்காலியில் சாய்ந்தார். அவள் கணினியைத் திறந்தாள். கணக்கு மதியமே நிறைவுற்றிருந்தது. இறக்கையின் படம் மெல்ல மெல்லத் திரையில் எழுந்தது. அதைச் சுற்றிக் காற்று நீலமும் சிவப்புமாகப் படர்ந்தது.

"செவப்பு, காத்து முட்டுற எடம் அத்தா. அது கம்மியா வந்தா நல்லது. மேல பறக்கசொல்ல கீழ வூடுங்க அதிராது."

அத்தனை நாளும் எட்டிக்கூடப் பார்க்காதவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வாசகரே, வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் நிழல் திரைமேல் விழுகிறது. விலகி நில்லுங்கள், அவர் பார்க்கட்டும்.