துட்டி வீட்டில் ஒரு ‘வாங்க’

“வாங்க, வாங்க, உட்காருங்க,” என்று வேல்விழி எழுந்து நின்று கைகூப்பியதும், கீழப்பாவூரிலிருந்து மாலையோடு வந்த கூட்டம் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டது. நடுவீட்டில் வள்ளித்தாயின் உடல் கிடக்கிறது. பெற்ற மகள் சிரித்த முகமாய் வரவேற்கிறாள்!

வள்ளித்தாயின் அக்காள் வேல்விழியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? துட்டி வீட்டுல யாராவது வாங்கன்னு சொல்லுவாளா?”

“வாயில வந்துட்டு பெரியம்மை.”

“சிரிக்க வேற செய்யுதா பாரு,” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பாவம், அவளும் என்ன செய்வாள்! தென்காசியில் வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில் குனிந்த தலை நிமிரமாட்டாள். ‘அந்தப் பொண்ணு முகம் குடுத்துப் பேசமாட்டேங்குது’ என்று புகார் மேல் புகார். மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆள் வந்தால் எழுந்து நில், கண்ணைப் பார், ‘வாங்க’ என்று சொல். எதிரே நிற்பவர் கத்தினாலும் சிரிப்பு மாறக் கூடாது.

மதுரையில் கேட்டது வீட்டில்தான் படிந்தது. ஐந்தருவியில் பழக்கடை போட்டிருந்த வள்ளித்தாய், கடையை அடைத்துவிட்டு வந்து மகளுக்கு முன்னால் வாடிக்கையாளராக நடிப்பாள். பென்ஷன் வராத கிழவராகக் கத்துவாள். அடகு நகையை மீட்க வந்த மருமகளாக மூக்கைச் சிந்துவாள். மகள் தடுமாறினால், “சிரிட்டி! சிரிச்சா சொத்தா கரைஞ்சிரும்?” என்பாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் கவுண்டரில் அவளைத் தேடியே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அந்த வள்ளித்தாய்தான் நேற்று கடையிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டாள்.

மேனேஜர் ஜெகதீஸ்வரன் மாலை போட்டுவிட்டுப் பெரியம்மையிடம் சொன்னார்: “எங்க பிராஞ்சுக்கே வேல்விழிதாம்மா முகம்.”

அந்த முகம்தான் இப்போது இறங்க மறுத்தது. யாராவது கிட்டே வந்தால் போதும், உதடு தானாக விரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை. பெற்றவளை அழாமலே அனுப்பிவிடுவோமோ என்று வேல்விழி பயந்தாள்.

“தூக்குவமா?” என்றார்கள் ஆண்கள். பெண்கள் ஓவென்று கதறினார்கள். வேல்விழி எழுந்தாள். தெருவே அவளைப் பார்த்தது. பாழாய்ப் போன உதடு மறுபடியும் விரிந்தது.

பெரியம்மைக்கு மானம் போயிற்று. “சண்டாளி!” என்று பல்லைக் கடித்தபடி, தன் முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடித் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

உள்ளே இருட்டு. வெற்றிலை வாசம். பார்க்க ஒருத்தரும் இல்லை. முதலில் உதடு கோணியது. பிறகு தாடை நடுங்கியது. “எம்மா...” என்ற சத்தம் எங்கிருந்தோ கிளம்பி, பெரியம்மையின் தோளில் போய் முட்டியது.

பாடை தெருமுனை திரும்பிவிட்டது. சங்குச் சத்தமும் ஓய்ந்தது.

“முந்தானையை எடுக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது,” என்றாள் ஒருத்தி.

பெரியம்மை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.