பிள்ளையைத் தாண்டிய சத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் வீட்டிலிருந்து வீரணன் வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்ததும் பாலம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கேஸில் தோற்ற முகமாக இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“முடிஞ்சது போ. இனிமே சாட்சியும் வேண்டாம், வாய்தாவும் வேண்டாம்” என்றான். “வர்ற வெள்ளிக்கிழமை காளி கோயில்ல நம்ம பயலைப் போட்டுத் தாண்டி, கிணத்துல அண்ணன் வகைக்குப் பங்கு கிடையாதுன்னு சொல்லணும். சொல்லிட்டா மதினி தரப்புல பிராதை வாபஸ் வாங்கிக்கிடுவாவ. ஜட்ஜும் சரின்னுட்டாரு.”

பாலம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளை சங்கையாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் திமிறி அழுதான்.

பிள்ளையைத் தாண்டிச் சத்தியம் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைச் சாமி முன்னால் கிடத்தி, தகப்பன் அதைத் தாண்டி நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். சொன்னது மெய்யென்றால் ஒன்றுமில்லை. பொய்யென்றால் பிள்ளை தங்காது. கோர்ட்டுக் கூண்டில் ஏறி வாய் கூசாமல் புளுகுகிற ஆசாமிகள்கூட அந்தக் கற்பூரத்தைக் கண்டதும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியிருக்கிறார்கள்.

வீரணன் சொல்லப்போவது பொய். பாலம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையைப் பார்த்த மாதிரி அவர்களுக்குத் தோட்டம். அண்ணன் சிவனாண்டிக்கும் வீரணனுக்கும் நிலத்தைத் தகப்பன் பிரித்துக் கொடுத்திருந்தார். கிணற்றைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. சாகக் கிடந்த அன்று மருமகள் பாலம்மாள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, “கிணறு ரெண்டு பேருக்கும்தாம்லே. ஒருநாள் நீ, ஒருநாள் அவன்” என்று வீரணனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். சிவனாண்டி அப்போது பட்டாளத்தில் இருந்தான். அவன் பெண்டாட்டி பெத்தம்மாள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டது இவர்கள் இரண்டு பேரும்தான்.

சிவனாண்டி இருந்தவரை தண்ணீர் முறையாகத்தான் போயிற்று. பர்மாச் சண்டையில் அவன் செத்த சேதி வந்தது. அந்த வருஷமே மழையும் ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் ஒரு தோட்டத்துப் பருத்திக்கே காணுமோ காணாதோ என்று கிடந்தது. வீரணன் முறையை நிறுத்திவிட்டான். கேட்டதற்கு, “கிணறு எனக்கு மட்டும்னுதான் அய்யா சொன்னாரு” என்றான். பெத்தம்மாள் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவள் தம்பி சங்கிலிப்பாண்டி இருப்பானா? கோர்ட்டுக்கு இழுத்துவிட்டான். பிள்ளையைத் தாண்டச் சொன்னதும் அவன் யோசனைதான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. “ஆண்டாளைச் சேவிச்சிட்டு வாரேன்” என்று பாலம்மாள் கோயிலுக்குப் போனாள். மண்டபத்தில் புராணம் சொல்கிற ஐயங்கார் ஒருவர் கதையை முடித்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். அவள் தள்ளி நின்று கேட்டாள்.

“சாமி, ஒருத்தர் செஞ்ச பாவம் அவிய பிள்ளையைப் பிடிக்குமா?”

“அவாஅவா கர்மா அவாஅவாளுக்கு. பிள்ளை எதுக்குச் சுமக்கணும்? அது தன்னோடதைக் கொண்டுதான் பொறந்திருக்கு” என்றார் அவர்.

பாலம்மாளுக்குப் போன உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா தெரிஞ்சிண்டே பேசாம இருக்கறவாளுக்கும் அதுல பங்கு உண்டும்மா.”

பெட்ரோல் கிடைக்காத காலம்; கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பாலம்மாளுக்கு ராஜபாளையம் வந்து சேருகிறவரை அந்த இரண்டு பேச்சும் மாறி மாறிக் காதில் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மனசு சொன்னது. அப்படியானால் கோயில் வாசலில் ஏன் பிள்ளையைக் கேட்கிறார்கள் என்று இன்னொரு மனசு கேட்டது. ஏற்கெனவே இரண்டைப் பெற்று மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். சங்கையா ஒருவன்தான் தங்கியிருந்தான். அவனும் பிறந்தபோது அவளுக்குக் கடுமையான காய்ச்சல். பிள்ளை இல்லாத பெத்தம்மாள்தான் சங்கில் ஆட்டுப்பால் புகட்டி, மடியில் போட்டு, அவனை மனுஷனாக்கினாள். அப்பேர்ப்பட்டவளுடைய தண்ணீரைப் பிடுங்கத்தான் இப்போது அவனையே தரையில் கிடத்தப் போகிறார்கள்.

வீட்டில் வைத்துக் கேட்டாள். “வேண்டாங்க. தண்ணியில பாதியைக் குடுத்துருவோம்.”

“பாதியைக் குடுத்தா ரெண்டு பருத்தியும் கருகும். பொறவு பயலுக்கு என்னத்தைட்டி ஊத்துவே? நான் யாருக்காகச் சொல்லுதேன்? அவனுக்காகத்தானே?”

“அவனுக்காகச் சொல்லி அவனையே...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை முழுதாகச் சொல்லவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்து தொலைத்தது. ஊருக்கு வெளியே வேம்படியில் சின்னக் கோயில். கோர்ட்டார் அனுப்பிய இளம் வக்கீல் ஒருவர் சத்தியத்தை எழுதிக்கொள்ளப் பேனாவும் கையுமாக நின்றார். பூசாரி தரையில் தண்ணீர் தெளித்து வேப்பிலை போட்டார். பாலம்மாள் கொண்டுபோய்க் கிடத்த வேண்டும். கிடத்தினாள். பயல் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் தம்பியோடு நின்ற பெத்தம்மாள் வாயைத் திறந்தாள். “ஏலே சங்கிலி, வேண்டாம்லே. பிள்ளையைத் தூக்கச் சொல்லு. கல்லு குளுருது அவனுக்கு.”

“நீ சும்மா இரு, அக்கா. அவன் தாண்ட மாட்டான் பாரு” என்றான் சங்கிலிப்பாண்டி. அவன் அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும் செய்திருந்தான். பெற்றவன் எவனும் பொய்க்காகப் பிள்ளையைத் தாண்ட மாட்டான் என்று அவன் கணக்கு.

தாண்டினான் வீரணன். கற்பூரத்தை அடித்து அணைத்தான். “இந்தக் கிணத்துல எங்க அண்ணன் வகைக்குப் பங்கு கிடையாது. ஆத்தா மேல சத்தியம், என் பிள்ளை மேல சத்தியம்” என்றான். குரல் நடுங்கவில்லை. நடுங்கியதெல்லாம் பாலம்மாளுக்குத்தான். பேசு, பேசு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. பேசினால் புருஷன் அந்த இடத்திலேயே பொய்யனாவான். தண்ணீரும் போகும். தாயே, இந்தப் பொய் என் தலையில் விடியட்டும், பிள்ளையை விட்டுவிடு என்று மனசுக்குள் முட்டிக்கொண்டாளே தவிர, வாய் திறக்கவில்லை. திறந்தபோது வந்தது வேறு பேச்சு.

“திரும்பித் தாண்டிருங்க.”

எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். படுத்திருக்கிற பிள்ளையை யாராவது தாண்டிவிட்டால் வளர்த்தி நின்றுவிடும் என்று, வந்த வழியே திரும்பித் தாண்டச் சொல்வார்கள். பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூசாரி அவளை முறைத்தார்.

“திரும்பித் தாண்டினா சத்தியமும் திரும்பிரும் தாயீ” என்றார்.

வீரணன் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான். பெத்தம்மாள்தான் ஓடிவந்து பிள்ளையை எடுத்து முதுகைத் தடவி, தாயின் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பாலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. சங்கையா தும்மினால் ஓடினாள். தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் பயல் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடி விளையாடினான். “பாத்தியா, அவனுக்கு என்ன வந்துச்சு?” என்று வீரணன் மிதப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் உச்சிப்பொழுதில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது.

மலையடிவாரத்தில் காய்ச்சல் வராத பிள்ளை ஏது? வைத்தியர் கஷாயம் கொடுத்து, இந்தப் பருவத்துக்கு எல்லா வீட்டிலும் இதேதான் என்றார். பாலம்மாள் காதில் அது ஏறுமா? கஷாயம் வடிகட்ட அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து வாசற்படியில் அப்படியே நின்றாள். வீரணன் பாயில் கிடந்த பிள்ளையைத் திரும்பித் தாண்டிக்கொண்டிருந்தான். ஒருதரம் தாண்டி, போதாது என்று இன்னொரு தரம் சுற்றி வந்து தாண்டினான். அவளைக் கண்டதும் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

“மதினிக்குத் தண்ணியை விட்டுருதேன்ட்டி” என்றான் துண்டுக்குள்ளிருந்து. “காலையில மொத வேலை அதுதான்.”

சொன்னபடியே செய்தான். விடிந்ததும் மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்தான். மடையை வெட்டிப் பெத்தம்மாள் பக்கம் திருப்பிவிட்டான். அந்தப் பக்கத்துப் பருத்தி இலை சுருண்டு, பிஞ்செல்லாம் உதிர்ந்து கிடந்தது. காய்ச்சல் இன்னும் விடாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓட ஓட அவள் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

பெத்தம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். வந்தவள் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பவில்லை. மண்ணை அள்ளிப் போட்டு மடையை அடைத்தாள்.

வீரணன் கமலையை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். “என்ன மதினி இது? தண்ணி உங்களுக்குத்தான் விட்டேன்.”

“எனக்கு எதுக்கு விடுதீய தம்பி? எங்களுக்குப் பங்கு இல்லைன்னு ஆத்தா முன்னால சொல்லிட்டீய. இப்ப நான் வாங்கினா, நீங்க சொன்னது பொய்யின்னு ஆயிரும்லா?”

அவன் மடையைத் திறக்கக் குனிந்தான்; அவள் மண்வெட்டியைக் குறுக்கே ஊன்றினாள்.

“பயலைத் தாண்டிச் சொன்ன சொல்லு. அது மெய்யாவே இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். “என் பங்கை நானே விட்டுட்டேன். மனசார விட்டுட்டேன்னு விளக்கு முன்னால நின்னு, போய்ச் சேர்ந்த அவியகிட்டயும் சொல்லிட்டேன். பங்கு இல்லாத கிணத்தைப் பங்கு இல்லைன்னு சொன்னதுல என்ன பொய் இருக்கு? பிள்ளைக்கு ஒண்ணும் வராது.”

“நீங்க என்ன மதினி செய்வீய?”

“பஞ்சு மில்லுல ஆள் எடுக்காவளாம். போறேன்.”

பாலம்மாள் வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும். “யக்கா, மாமா சாகும்போது என் காதாரக் கேட்டேன். கிணறு...”

பெத்தம்மாள் சேற்றுக் கையால் அவள் வாயைப் பொத்தினாள். “சொல்லாத. பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு அந்தப் பேச்சைப் பேசாதட்டி.” பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டு சங்கையாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இன்னும் சூடு இருக்கு. நல்லா மூடிக் கொண்டுபோ” என்று சொல்லிவிட்டு, தன் பருத்திக்குள் இறங்கி ஊரைப் பார்த்து நடந்தாள்.

வீரணன் மாடுகளிடம் போய்விட்டான். வாய்க்கால் தண்ணீர் திரும்பி வீரணன் பாத்திக்கே ஓடத் தொடங்கியது. பாலம்மாள் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். ஓடிப்போய்ப் பெத்தம்மாள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. இந்த மண்ணை வெட்டி எறிய வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் போகட்டும், பாவம் யாருடையதோ அவர்களே அனுபவிக்கட்டும் என்று குனிந்தாள்.

அவசரத்தில் அடைத்த மடை. அடியில் ஒரு ஓரம் இளகி, தண்ணீர் நூலாகக் கசிந்து பெத்தம்மாளின் காய்ந்த பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு செடியின் தூர் ஏற்கெனவே நனைந்துவிட்டது.

இடுப்பில் பிள்ளை இருமினான்.

பாலம்மாள் கையால் சேற்றை வாரி அந்தக் கசிவில் வைத்து அடைத்தாள். நிற்கவில்லை. இன்னும் வாரி வைத்து, ஒரு சொட்டுக்கூட அந்தப் பக்கம் போகாதபடி குதிகாலால் மிதித்து இறுக்கினாள்.