அக்கா சொன்ன விலை

நீலக் கோட்டு ஒன்றைக் கட்டிலின் மேல் விரித்து, உள்பக்கத் துணி தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தை மடித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் காலர் மேல் விழும்படி நகர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். கையிலேயே கைபேசி சிணுங்கியது.

“அக்கா, போட்டோ அப்புறம் அனுப்புங்க. கடைசி விலை என்னன்னு சொல்லுங்க.”

அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மீசை நரைத்திருந்தது. அதை ஒரு தடவு தடவிக்கொண்டு மாஸ்டர் பதில் எழுதினார். “எண்ணூறு சொன்னேனே தங்கச்சி. பட்டன் ஒண்ணுகூட உதிரல. புதுசு மாதிரி இருக்கு.”

“புதுசு மாதிரிதானே அக்கா, புதுசு இல்லையே. நானூறு.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. இவள் விட மாட்டாள்.

அவர் தையல்காரர் இல்லை. ஒரு பெரிய துணிக்கடையில் பெண்கள் பகுதியில் வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் துணி மலையை, அடுத்தவர் வந்து நிற்பதற்குள் பெட்டி பெட்டியாக மடித்து அடுக்கிவிடுவார். கடைப் பையன்கள் ‘மடிப்பு மாஸ்டர்’ என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, கேலி உதிர்ந்துபோய் மாஸ்டர் மட்டும் மிஞ்சியது. கடையை இழுத்து மூடியபோது அந்தப் பெயரையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேறு கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தார். “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். யாரும் சொல்லியும் அனுப்பவில்லை, அனுப்பியும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். உடம்புக்கு வந்து, மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொஞ்சம் பருத்துவிட்டாள். பழைய உடுப்பு ஒன்றும் ஏறவில்லை. ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “பீரோல என் துணியெல்லாம் அடைஞ்சு கிடக்கு. பழசு விக்கிற ஆப்ல போட்டு வித்துடுங்களேன். என் பேர்ல ஒரு கணக்கு இருக்கு. உங்களுக்கும் பொழுது போகும்.” நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்தப் ‘பொழுது போகும்’ மட்டும் மாஸ்டருக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

கணக்கு அவள் பெயரில் இருந்ததால் வந்தவர்களெல்லாம் அக்கா என்றார்கள், சிஸ்டர் என்றார்கள், ஒருத்தி ‘ஆன்ட்டி’ என்றாள். முதல் தடவை ‘நான் அவங்க வீட்டுக்காரர்’ என்று எழுதினார். அந்தப் பெண் அடுத்த நொடி காணாமல் போய்விட்டாள். மனைவி துணியை விற்கிற ஆம்பளையிடம் என்ன பேச்சு என்று நினைத்திருப்பாள். அதன்பிறகு அவர் திருத்துவதில்லை. நானாக ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்று தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டார்.

விதவிதமான ஆட்கள் வந்தார்கள். ‘இருக்கா?’ என்று கேட்டுவிட்டு, ‘இருக்கு’ என்றதும் ஓடிப்போகிறவர்கள். முகர்ந்து பார்க்காத குறையாக இருபது போட்டோ கேட்டுவிட்டு, ‘கலர் பிடிக்கல’ என்பவர்கள். எவனோ ஒருவன் ‘போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புங்களேன்’ என்று இளித்தான். மாஸ்டர் அந்தப் பூப்போட்ட கவுனைத் தானே மாட்டிக்கொண்டு, நெஞ்சு முடி தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தார். தலைக்குமேல் தூக்கிப் பாதியில் மாட்டிக்கொண்டு, கழற்றப் பட்ட பாட்டில் அந்த ஆசை போய்விட்டது.

பேரம் அவருக்குப் புதிது. கடையில் ஒரே விலை. விலைச்சீட்டு பேசும், இவர் மடிப்பார். இங்கே வாய் வேண்டியிருந்தது. விலை சொல்லும்போது எவ்வளவு ஏற்றி வைத்தால் கேட்கிறவளுக்குக் குறைக்க இடம் இருக்கும், எந்தக் கட்டத்தில் முறுக்கிக்கொள்ள வேண்டும், எப்போது ‘சரி, உனக்காக’ என்று இறங்க வேண்டும் என்பதெல்லாம் பழகப் பழக வந்தது. நாள் முழுக்க யாரிடமும் பேசாத வீட்டில், மீசைக்கார அக்காவுக்கு வாய் நீண்டுகொண்டே போனது.

நீலக் கோட்டு கேட்டவளின் கணக்குப் படத்தில் ஒரு பூனை இருந்தது. மாஸ்டர் அவளைப் பூனைக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டார். தினம் வந்தாள். ஒருநாள் பத்து ஏற்றுவாள், மறுநாள் அதையும் மறந்த மாதிரி நானூறிலிருந்தே தொடங்குவாள். சலித்துப்போய் ஒருநாள் கேட்டார். “அப்படி என்ன தங்கச்சி இந்தக் கோட்டு மேல ஒரு கண்ணு?”

பதில் மடமடவென்று வந்தது.

“இன்டர்வியூ இருக்கு அக்கா. ஆபீஸ் வேலை. கோட்டு போட்டாத்தான் மதிப்பாங்கன்னு சொல்றாங்க. வீட்டை விட்டு வர்றப்ப ஒரு கைப்பைதான் எடுத்துட்டு வந்தேன். மாத்துத் துணியே ரெண்டுதான்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதான் ஆச்சு. அந்த மனுஷனோட ஒரு பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. அடிச்சிருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். உங்க வீட்டுக்காரர் எப்படி அக்கா?”

மாஸ்டர் அறுநூறுக்கு இறங்குவதாக எழுதிப் பேச்சை முடித்திருக்கலாம். ‘நல்லவர்தான்’ என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். ஆனால் விரல் வேறு எழுதியது. “சும்மாதான் இருக்காரு. வேலை போயிடுச்சு.”

“ஐயோ. பாவம் அக்கா நீங்க.”

அவளாகவே மனைவியைப் பாவம் என்றது அவரைக் கிளறிவிட்டது. ‘எனக்கு அவர் மேல கோபம் இல்ல’ என்று எழுதினார். ‘சாப்பிட உக்காந்தா தலை நிமிர்றதே இல்ல. நான் சம்பாதிச்ச சோறுன்னு தோணுது போல. பாவமாத்தான் இருக்கு. தினமும் பாவம் பாத்துப் பாத்து எரிச்சலா வருது. சாயந்திரம் வீட்டுக்கு வர்றதுக்கே கால் வரமாட்டேங்குது.’ எழுதி அனுப்பிவிட்டு, எழுதியதைத் தானே படித்தார். மனைவி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் படிக்கும்போது அவள் குரலிலேயே கேட்டது. இத்தனை நாள் இதைத்தான் மனைவியின் முகத்தில் படித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பூனைக்காரியின் பதில் வந்தது. “விட்டுட்டு வந்துடுங்க அக்கா. நான் வரலையா?”

தன்னை விட்டுவிட்டுப் போகும்படி தனக்கே வந்த யோசனையை மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதில் போடாவிட்டால் அவள் வருத்தப்படுவாளே என்று ஒரு சொல் எழுதினார். “யோசிக்கிறேன்.”

விலை அறுநூறில் படிந்தது. கொரியரில் அனுப்புகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. “அளவு சரியில்லன்னா காசு வீணாயிடும் அக்கா. ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து போட்டுப் பாத்துடறேன். உங்களையும் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தார். “கோட்டு வாங்க ஒரு பொண்ணு வருது. உன்கிட்டதான் பேசினதா நினைச்சுக்கிட்டிருக்கு. கொஞ்சம் சமாளிச்சுடு.”

“நான் என்ன பேசினேன்?”

“என்னத்த, விலைதான்.”

அவள் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். “சரி” என்றாள்.

வந்தவள் சின்னப் பெண் இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மாடிப்படி ஏறிய மூச்சோடு வாசலில் நின்று, கதவைத் திறந்த மனைவியை ஒரு கணம் பார்த்துவிட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டாள். மனைவியின் கைகள் எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் நின்றன. அப்புறம் அவள் முதுகில் மெல்ல இறங்கின. “வாம்மா” என்றாள். மாஸ்டர் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் நழுவினார். அங்கே கதவு கிடையாது. ஒரு திரைதான்.

கோட்டு மாட்டுகிற சரசரப்பு கேட்டது. “தோள் கச்சிதமா இருக்கு அக்கா. கைதான் நீளம்.”

“மடிச்சு விட்டுக்கோ. உள்துணி நல்லாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் போட்டுக்குவேன்.”

மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது. இப்படியே முடிந்துவிடும். டீத்தூளைப் போட்டார். அப்போது பூனைக்காரியின் குரல் தணிந்தது.

“அவர் உள்ளயா இருக்காரு?”

“டீ போடறாரு.”

“முடிவு பண்ணிட்டீங்களா அக்கா?”

“எதை?”

“போறதை. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்கு நான் அழுதுட்டேன். சாப்பிட உக்காந்தா தலை நிமிர்றதே இல்ல, பாவம் பாத்துப் பாத்து எரிச்சலா வருது, வீட்டுக்கு வரவே கால் வரலன்னு... அப்படியே என் வீட்டைச் சொன்ன மாதிரி இருந்துச்சு.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மாஸ்டர் அணைக்கவில்லை. மனைவி இப்போது சிரிப்பாள், அல்லது ‘அதெல்லாம் எழுதினது அவருதான்’ என்று போட்டு உடைப்பாள், அல்லது தன்னைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்து, கையில் கரண்டியோடு நின்றார்.

“அவர் தலை நிமிராம இல்ல” என்றாள் மனைவி. நிதானமாக, மருத்துவமனையில் வந்தவர்களுக்கு வழி சொல்கிற குரலில். “நிமிர்றாரு. அவர் நிமிர்றப்ப நான்தான் வேற பக்கம் பாத்துக்கறேன். அதை எழுத விட்டுப்போச்சு.”

“அக்கா...”

“கால் வரலங்கறது நிஜம்தான். ஒருநாள் பஸ்ல நம்ம நிறுத்தம் வந்துச்சு. எந்திரிக்கல. அப்படியே கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டேன். அங்க இறங்கி என்ன பண்றதுன்னு தெரியல. யார் வீட்டுக்குப் போறது? கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தாரு. அதே பஸ்ல உக்காந்து திரும்பி வந்தேன்.”

அந்த நாள் மாஸ்டருக்கு நினைவிருந்தது. ‘வழியெல்லாம் ஒரே நெரிசல்’ என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

மிஞ்சிய பாலில் எப்படியோ டீ கலந்து, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பூனைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அது தன்னிடம் மனம்விட்டுப் பேசியவளின் கண் இல்லை. யாரோ ஒரு ஆம்பளையை அளக்கிற கண். டீயை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்தாள். மனைவி அவரைப் பார்க்கவே இல்லை.

பூனைக்காரி பையிலிருந்து பணத்தை எடுத்தாள். “அக்கா, ஒரு அம்பது குறைச்சுக்கோங்க. நாளைக்கு ஆட்டோல போகணும். பஸ்ல போனா கசங்கிடும்.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். ‘சரி, உனக்காக’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“அறுநூறுன்னா அறுநூறுதான்” என்றாள் மனைவி.

“மெசேஜ்ல அவ்வளவு இறங்கி வந்தீங்களே அக்கா...”

“அங்க எல்லாத்துலயும் இறங்கி வந்தாச்சு போல. இது நான் சம்பாதிச்சு வாங்கின கோட்டும்மா. ஆசைப்பட்டு வாங்கினது. இதுக்கு மேல என்னால குறைக்க முடியாது.”

முகம் சுருங்கினாலும் பூனைக்காரி முழுசாக எண்ணிக் கொடுத்தாள். கோட்டைக் கழற்றவில்லை, பையில் வைத்தால் மடிப்பு விழும் என்று அந்த வெயிலிலும் போட்டுக்கொண்டே கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி, மாஸ்டர் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் ரூம் சின்னதுதான். இன்னொரு ஆள் படுக்க இடம் இருக்கு. எப்ப வேணா வாங்க. கேள்வி கேட்க மாட்டேன்.”

வேண்டாம் என்பாள் என்று மாஸ்டர் நினைத்தார். ஒரு சிரிப்போடு தட்டிக்கழிப்பாள் என்று நினைத்தார்.

“அட்ரஸ் அனுப்பி வை” என்றாள் மனைவி.

கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பூனைக்காரி தொடாத டீயை எடுத்துக் குடித்தாள். பால் குறைந்து கசந்திருக்க வேண்டும், முகம் சுளிக்கவில்லை. மாஸ்டர் கட்டிலில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார்.

“இப்ப நான் போறதா இருக்கேனா, இருக்கறதா இருக்கேனா?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “நீங்கதானே எழுதினீங்க. கடைசியா என்ன போட்டீங்க?”

“யோசிக்கிறேன்னு.”

“ம்.”

“வேற என்ன போடறதுன்னு தெரியல. எப்படி ஆரம்பிச்சேன்னும் தெரியல. அந்தப் பொண்ணு கேட்டுச்சு...” கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தார். “நீ ஒண்ணும் சொல்றதில்ல. நானா சொல்லிப் பாத்தேன்.”

“நீங்க கேட்டிருக்கலாம்” என்றாள். பிறகு, “கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றாள்.

மேசைமேல் கைபேசி சிணுங்கியது. இருவரும் பார்த்தார்கள். திரையில் பூனை. மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

“படிங்க.”

“எதுக்கு இப்ப...”

“படிங்க. சத்தமா.”

மாஸ்டர் கைபேசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வீட்டு எண்ணைப் படித்தார். தெருப் பெயரைப் படித்தார். பேக்கரிக்கு எதிர்ச்சந்து, இரண்டாவது மாடி, பின்பக்கப் படி என்று படித்தார். கீழே வெயிலில், கையை மடித்துவிட்ட நீலக் கோட்டு, கசங்கிவிடாதபடி விறைப்பாக, தெருவின் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பார்க்க அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தியதும், திரும்பாமலே, “இன்னொரு தடவை” என்றாள்.

அவர் முதலிலிருந்து படித்தார்.