ஒரு சொட்டும் சிந்தாமல்

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஓங்கி உதறி, நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்துவிட்டு மறுபடியும் பின்னால் போக வேண்டும். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து விழும் விரிப்புகளை அந்தச் சலவைக்கூடத்தில் நெட்டையும் மேனேஜரம்மாவும்தான் ஜோடியாக மடிப்பார்கள். நெட்டைக்கு உயரம் அதிகம், மேனேஜரம்மாவுக்கு வாய் அதிகம். நடுவில் சந்திக்கும்போது ஒரு வரி பேசுவார்கள். பின்னால் போகும்போது அதை நினைத்துச் சிரிப்பார்கள். ஒரு கதையைச் சொல்லி முடிக்க ஒரு மூட்டை விரிப்பாவது ஆகும்.

மேனேஜரம்மா என்றதும் எதற்கோ மேனேஜர் என்று நினைத்துவிட வேண்டாம். மேனேஜர் அவளுடைய மகள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கையும் காலும் விறைத்துக்கொண்ட பெண். வயது பதினொன்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வீட்டில் யார் எப்போது குளிக்க வேண்டும் என்பதில் தொடங்கி அப்பா எத்தனை பிஸ்கட் தின்னலாம் என்பது வரை உத்தரவு போடுவாள். வார்த்தைகள் இழுத்து இழுத்துத்தான் வரும். அவள் ஒரு உத்தரவைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டில் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். ஊருக்கெல்லாம் சுமை தூக்கிவிட்டு வந்து மகளிடம் திட்டு வாங்குவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மேனேஜரம்மாவுக்கு அரை நாள் வேலைதான். மகள் பள்ளி வேனில் வந்து இறங்குவதற்குள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு பயிற்சி. மகளைப் பாயில் படுக்கவைத்து, முட்டியில் ஒரு கையும் குதிகாலில் ஒரு கையும் வைத்து, வலிக்காமலும் விட்டுக்கொடுக்காமலும் நீட்ட வேண்டும். இரண்டு கால்களும் முடிந்த பிறகு தோள், முழங்கை, கடைசியில் ஒவ்வொரு விரலாக. விட்டால் தசை இறுகிப் போய்விடும், பிறகு இழுத்தாலும் வராது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்தப் பிற்பகல்களுக்கு விலை, மகளுக்காக மாதாமாதம் அரசு கொடுத்த உதவித்தொகை. அது வந்ததால்தான் அரை நாள் சம்பளத்தில் வீடு நடந்தது.

அதில்தான் இப்போது புது விதி வந்திருந்தது. டாக்டர் சொன்னால் மட்டும் போதாதாம். பிள்ளை தானாக என்னென்ன செய்கிறது என்று வீட்டுக்கே ஆள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்களாம். பிள்ளையின் மதிப்பெண் ஏறினால் உதவி நின்றுவிடும்.

"அக்கா, அன்னைக்கு ஒரு நாள் அவளைச் சும்மா உக்கார வைங்க" என்றாள் நெட்டை, விரிப்பின் நடுவில். பின்னால் போய்த் திரும்பி வந்து மீதியைச் சொன்னாள். "ஆர்வக்கோளாறுல ஏதாவது பண்ணி வச்சிடப் போறா."

மேனேஜரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மகளால் தானாகச் சாப்பிட முடியாது, உடுத்த முடியாது, படுத்தால் புரள முடியாது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போனதும் மகளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னாள். வர்றவங்களுக்கு நம்ம கஷ்டம் தெரியணும், அதனால் அமைதியாக இரு என்றாள்.

மேனேஜர் கேட்டாள். "எனக்கு... என்ன... கஷ்டம்?"

அப்பா சட்டென்று எழுந்து கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டார். அங்கே துணி எதுவும் இல்லை.

அவளை உட்கார வைப்பது அவ்வளவு எளிதில்லை என்பதற்குக் காரணம் தண்ணீர். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பது தன் வேலை என்று மேனேஜர் வெகுநாள் முன்பே அறிவித்திருந்தாள். மடியில் ஒரு தட்டு, தட்டில் கைக்கெட்டும் குழாய்ப் பானையில் பிடித்த ஒரு டம்ளர், ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைத் தள்ளுவாள். சமையலறை வாசலிலிருந்து முன்னறைக்கு வருவதற்குள் பாதி மடியிலும் பாதி தரையிலும் கொட்டிவிடும். விருந்தாளிகள் காலி டம்ளரை வாங்கி வாயில் வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். துடைப்பதற்குத் துணியோடு அப்பா பின்னாலேயே வருவார். இதுவரை முழு டம்ளர் தண்ணீர் குடித்த விருந்தாளி அந்த வீட்டில் கிடையாது.

அந்த நாள் வந்தது. அதிகாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மேனேஜரின் கன்னத்தைத் தட்டினார். கேள்விகள் கேட்டார். பதில்கள் எல்லாம் உண்மைதான். மேனேஜர் உதட்டை மடித்துக் கடித்தபடி சிலை போல உட்கார்ந்திருந்தாள். அவள் இவ்வளவு நேரம் உத்தரவு போடாமல் இருந்து அப்பா பார்த்ததே இல்லை.

பாதியில் அதிகாரியம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. விடாத வறட்டு இருமல். கண்ணில் நீர் வர, தண்ணீர் என்று கையால் காட்டினார். மேனேஜரம்மா அலமாரியில் மருந்துச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது சக்கர நாற்காலி அங்கே இல்லை.

சமையலறையில் தட்டு சத்தம் கேட்டது. "வேண்டாம்மா" என்று சொல்ல வாயெடுத்தவள், வாசலில் மகள் வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். டம்ளர் விளிம்பு வரை தண்ணீர். நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணை டம்ளரிலிருந்து எடுக்காமல், மேனேஜர் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். நிலைப்படி மேட்டில் நாற்காலி குலுங்கியது. தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு துடைக்கும் துணியோடு கூடவே நகர்ந்தார். அதிகாரியம்மா இருமுவதை மறந்து பார்த்தார்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"குடிங்க" என்றாள் மேனேஜர். ஒரே மூச்சில், இழுக்காமல்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல! அப்பா துணியைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினார். மேனேஜரம்மாவுக்கு உதவித்தொகையும் விதியும் வந்த ஆளும் எல்லாமே மறந்து போயிற்று. ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். போதாக்குறைக்கு அதிகாரியம்மாவிடமே பெருமையடித்தாள். "பாத்தீங்களா மேடம், தினமும் தோளுக்கும் விரலுக்கும் பயிற்சி குடுக்கறேன். அதான்."

"ரொம்ப நல்லா செஞ்சா" என்றார் அதிகாரியம்மா. முழு டம்ளரையும் குடித்தார். மனதாரத்தான் சொன்னார். பிறகு எழுதினார்.

அடுத்த மாதம் பணம் வரவில்லை. மேனேஜரம்மா அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். எதிர்முனையில் ஒரு இளம் குரல் பொறுமையாக விளக்கியது. உங்கள் மகள் பிறருக்கு உதவும் அளவுக்குத் தேறிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, வாழ்த்துகள் என்றது. அவளால் எழுந்து நிற்கக்கூட முடியாதே என்று இவள் கேட்டதற்கு, ஒருமுறை முடிவானால் மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

"ஆனா நிலைமை மோசமானா நீங்க திரும்ப விண்ணப்பிக்கலாம்மா."

அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது, வாழ்க்கையில் வராத கோபம். யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மகளோ தண்ணீர் கொண்டுவந்த கதையைப் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளிடம் பணம் நின்றது பற்றி மூச்சு விடக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள்.

மேனேஜரம்மா முழு நாள் வேலைக்கு மாறினாள். பள்ளி வேன் இப்போது சலவைக்கூடத்து வாசலிலேயே மகளை இறக்கிவிட்டுப் போகிறது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் சரி என்று சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிக்கொண்டே சம்மதித்தார். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் இடம் பிடித்த மேனேஜர் வந்த வாரமே கூடத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டாள். தலையணை உறையில் கறை இருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். இஸ்திரி போடும் பெண்ணைப் பாட்டை நிறுத்தச் சொல்லுவாள். ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்த கூடத்தில் இப்போது சிரிப்புக்குக் குறைவில்லை.

வீட்டுக்குப் போய் உலை வைப்பதற்குள் மேனேஜர் தூங்கிவிடுவாள் என்பதால் பயிற்சியும் இப்போது இங்கேதான். டீ இடைவேளை மணி அடித்ததும் யாரும் டீ குடிக்க ஓடுவதில்லை. ஒருத்தி மடிக்கும் மேஜையை வழித்துச் சுத்தம் செய்வாள். இன்னொருத்தி சூப்பர்வைசர் வருகிறாரா என்று வாசலில் நிற்பாள். நெட்டை மேனேஜரைத் தூக்கி மேஜையில் படுக்கவைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். மேனேஜரம்மா முட்டியில் ஒரு கையும் குதிகாலில் ஒரு கையும் வைத்து நீட்டுவாள். அவசரப்பட்டால் வலிக்கும், அதனால் அவசரப்பட முடியாது.

இன்றும் வலது கால் முழுதாக நீண்டு மேஜையில் படிந்தபோது மறுபடி மணி அடித்துவிட்டது. மேனேஜரம்மா இடது காலில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"நாளைக்கு... இடது" என்று உத்தரவு போட்டாள் மேனேஜர். "போங்க. வேலையை... பாருங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நெட்டை அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மாவும் நெட்டையும் புது விரிப்பை எடுத்து, முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். நாற்காலியின் கால்பலகையில் வலது பாதம் தட்டையாகப் பதிந்திருந்தது. இடது குதிகால் பலகையைத் தொடாமல் மேலேயே நின்றது.