பொருளாளர் பதவி

“சொந்தக்காரரா?”

“வீட்டுக்காரரோட அண்ணன், மேடம்.”

“யாரா இருந்தா என்ன? சந்தேகம் வந்துட்டா அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆகணும். தெரிவிச்சாச்சு. இனிமே அவர் காதுக்கு ஒரு வார்த்தை போனாலும் உள்ள போறது நீதான். புருஷன்கிட்டகூட மூச்சு விடாதே.”

ஆடிட் ஆபீஸில் மேலதிகாரி போன வாரம் சொன்னது, கூட்டுக்குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு லாரி கம்பெனியின் கணக்கைப் பார்க்கப் போன இடத்தில்தான் எல்லாம் கண்ணில் பட்டது. கணவனின் அண்ணனான மூத்தார் நடத்தும் அநாதைக் குழந்தைகள் அறக்கட்டளைக்காகக் கம்பளி ஏற்றிப் போனதாகச் சொன்ன லாரிகள் ஷெட்டை விட்டே நகரவில்லை. கம்பளிக்கென்று வாங்கிய நன்கொடையோ, அந்தக் கம்பெனி வழியாக, சந்தையில் குண்டு வைத்த கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதாகப் பேப்பரில் படம் வந்தவனுக்குப் போயிருந்தது.

மூத்தார் ஒரு தாளைத் தம்பியின், அவள் கணவனின், தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

“இனிமே நீதான்டா பொருளாளர். செக்குல எல்லாம் உன் கையெழுத்துதான்.”

தம்பிக்கு முகமெல்லாம் பல். அப்பா இல்லாத வீட்டில் தன்னைப் படிக்கவைத்து ஆளாக்கிய அண்ணன் நீட்டினால் வெற்றுத்தாளிலும் போடுவான்.

“ஆடிட்டரம்மா என்ன சொல்றாங்க?” கேட்ட மூத்தார் தாளைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுரீரென்றது. நேற்று வங்கியில் அவருடைய காசோலை ஒன்றை நிறுத்திவைத்திருந்தார்கள். மோப்பம் பிடித்துவிட்டார். அவள் தடுத்தால், புகார் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கம்பி நீட்டிவிடுவார். தடுக்காவிட்டால் மாட்டப்போவது தம்பி. தோளில் தூக்கி வளர்த்தவனையே தூண்டிலில் புழுவாகக் கோத்திருக்கிறார், பாவி!

“அவ என்னத்தச் சொல்வா?” என்றாள் மூத்தாரின் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. “நம்மகிட்ட வாயத் திறந்தா முத்து உதிர்ந்திடும்ல!”

கணவன் பேனா மூடியைக் கழற்றினான். “போடட்டுமா?” என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் கேட்க நினைத்து, அவன் மனசு உடைந்துவிடுமே என்று விழுங்கிக்கொண்ட ஆசை ஒன்று அவளிடம் இருந்தது. இப்போது அதைக் கேட்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இது வெறும் குடும்பச் சண்டைதான் என்று மூத்தார் நம்ப வேண்டுமானால் அசிங்கமாகத்தான் கேட்க வேண்டும். ஏன் கேட்டாள் என்று கணவனிடம் சொல்லவும் முடியாது.

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“உங்க அண்ணன் போடற பிச்சையில வாழ்ந்தது போதும்ங்க. அவரு பதவியும் வேணாம், அவரு உறவும் வேணாம். என்னைத் தனிக்குடித்தனம் கூட்டிட்டுப் போங்க.”