பின்சீட்டு

மார்லிஸ் மூன்றாவது பட்டையை அவிழ்க்கும்போதுதான் அந்த ஊதா நிற ஹேர்பேண்டைப் பார்த்தாள்.

படுக்கை, அடுப்படி எல்லாம் உள்ளேயே இருக்கிற அவர்களுடைய வீட்டு வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு மேடை உண்டு. பட்டனை அழுத்தினால் ஏறும், இறங்கும். அதன் மேல், நான்கு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. எண்ணூறு பவுண்டு எடை. அவள் புருஷன் டெல்மர் அதை ஏற்றிக் கட்டுவதைப் பார்க்க முகாமில் ஒரு கூட்டமே சேரும். முன் ஸ்பிரிங் பாதி அமுங்குகிறவரை இறுக்குவான். மிச்சமாகத் தொங்கும் பட்டை நுனியில் இரண்டு முரட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, யாரோ கைதட்டப் போகிற மாதிரி நிமிர்ந்து பார்ப்பான். நுனியை அழகாகச் சுருட்டி, அதற்கு ஹேர்பேண்ட் மாட்டிவைக்கிற ஆள் அவனில்லை. மார்லிஸோ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

முகாமில் ஊதா ஹேர்பேண்ட் போட்ட நீளப் பின்னல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மூன்று வண்டி தள்ளி இருக்கும் ட்வைலாவின் பின்னல்.

மார்லிஸ் அதை உருவி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் காப்பிக் கோப்பையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த டெல்மர் எழுந்திருக்கவில்லை. இப்போது வண்டிக்குள், சாப்பாட்டு மேசைமேல், ஒரு மரப்பெட்டியில் சாம்பலாக இருக்கிறான். மினசோட்டா பனிக்குப் பயந்து குளிர்காலமெல்லாம் அரிசோனா பாலைவனத்தில் வந்து குந்தியிருக்கும் இந்தக் கிழட்டுக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பைக் வைத்திருந்தவர் போய்விட்டால் அவருடைய பைக்தான் ஊர்வலத்தில் முதலில் போக வேண்டும். சாம்பலும் அதில்தான் போக வேண்டும். மலைக்குப் பின்னால் தூவிவிட்டு வந்து, ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்ததைச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

அந்த பைக்கை யார் ஓட்டுவது என்று நேற்றுப் பேச்சு வந்தது. மகன் கர்ட்டுக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ட்வைலாதான் வாயைத் திறந்தாள். "நான் ஓட்டுறேன்."

ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் மார்லிஸுக்கு உறுத்தியது. அவ்வளவு கனமான பைக். டெல்மர் பெற்ற பிள்ளையைக்கூடக் கைப்பிடியைத் தொடவிட்டதில்லை.

இன்னும் குனிந்து பார்த்தாள். பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்து கிடந்தன.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பின்னால் ஏறியதே இல்லை. அதற்கு முன்னால் நாற்பது வருஷம் ஏறினாள். "நீ உருளைக்கிழங்கு மூட்டைடி" என்பான் டெல்மர். "மூட்டை பேசக் கூடாது. நான் சாயற பக்கம் சாஞ்சா போதும்." அவளும் பேசாமல் சாய்ந்தாள். அவள் இறங்கிய இடத்தில் எந்த மூட்டை ஏறியது?

காலால் ஓர் எத்து. ஒரு ஃபுட்ரெஸ்ட் டப்பென்று மடங்கியது. சுற்றிப் போய் மற்றதையும் எத்தினாள்.

சத்தம் கேட்டு கர்ட் வெளியே வந்தான். "அம்மா, அதெல்லாம் நீ ஏன் தொடுற? முட்டி வலிக்கப்போவுது."

"ஒங்கப்பன் யாரையாவது பின்னாடி ஏத்திக்கிட்டு சுத்துனானா?"

"என்னம்மா பேச்சு இது, இன்னிக்குப் போய்!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் ஊர்ல, டுலுத்ல பனி வாரிக்கிட்டிருக்கேன். எனக்கு என்னம்மா தெரியும்? முடிஞ்சதும் இதை இங்கேயே யாருக்காவது தள்ளிவிட்ருவோம். இவ்ளோ வெயிட்ட பின்னாடி தொங்கவிட்டுக்கிட்டு ஊருக்கு யாரு ஓட்டறது?"

"யாரு ஓட்டறதா? வர்றப்ப நான்தான் ஓட்டிட்டு வந்தேன். நீ உள்ள போயி டையக் கட்டு."

அவன் போனதும் பட்டனை அழுத்தினாள். மேடை முனகிக்கொண்டே தரைக்கு இறங்கியது. கடைசிப் பட்டையையும் அவிழ்த்தாள். ஒருநாளும் உட்கார்ந்திராத முன்சீட்டில், வலிக்கும் முட்டியைக் கையால் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எதிரே இரண்டு கண்ணாடியிலும் பின்னால் இருக்கும் பாதை பளிச்சென்று தெரிந்தது.

தெரியக் கூடாது. டெல்மர் ஆறடி தாண்டியவன். அவன் திருப்பி வைத்த கண்ணாடியில் அவளுக்கு வானம்தான் தெரிய வேண்டும். இதைக் கடைசியாக ஓட்டியது அவளை மாதிரி ஒரு குள்ளம். ட்வைலாவும் குள்ளம்தான்.

ஆக, அவள் ஒரு நாள் பின்னால், ஒரு நாள் முன்னால். மாறி மாறி விளையாடியிருக்கிறார்கள். கைப்பிடியையே கொடுத்தவன் மிச்சத்தைக் கொடுக்காமலா இருந்திருப்பான்? செவ்வாய்க்கிழமை முதல் ஆளாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஓடிவந்தவள் அவள்தானே. அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள். பக்கத்து வண்டிக்காரன் செத்ததற்கு அவ்வளவு வீக்கம் எதற்கு? நாற்பத்தாறு வருஷக் குடித்தனம் கடைசியில் ஒரு ஊதா ஹேர்பேண்டில் வந்து நின்றதே என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். அழுதால் தோற்றுப்போவோம் என்று அழாமல் இருந்தாள்.

ட்வைலா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தாள். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இப்போதும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பாதையைக் கடப்பாள். மார்லிஸ் முன்சீட்டில் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டாள்.

மார்லிஸ் ஹேர்பேண்டை எடுத்து நீட்டினாள். "ஒன்னோடதா?"

"ஆமா." மறுக்கவே இல்லை.

"என் புருஷன் வண்டியில ஒன் சாமான் எப்படி வந்துச்சு?"

"மார்லிஸ், இன்னிக்கு வேணாமே. ஊர்வலம் முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் யாரக் கேக்கறது? பெட்டியையா?"

"அவருக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"செத்தவனுக்குக் குடுத்த சத்தியம் இருக்கறவளக் கொல்லுது, தெரியுதா?"

ட்வைலா ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். "நான்தான் ஓட்டுனேன். அவரு பின்னாடி உக்காந்திருந்தாரு."

"எவரு?"

"டெல்மர்தான். வேற யாரு?"

மார்லிஸ் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை. "டெல்மர் பின்சீட்லயா? வேற யாருகிட்டயாவது போய்ச் சொல்லு."

"ரெண்டு கையும் மரத்துப்போச்சு அவருக்கு. கிளச்சப் புடிச்சா புடிச்சது தெரியல, விட்டா விட்டது தெரியல. இந்த சீசன் ஆரம்பத்துல பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி வண்டியச் சாச்சுட்டு, தூக்க முடியாம, அதுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தாரு. ரெண்டு பேருமாத் தூக்கி நிறுத்தினோம். அன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்தேன். அப்புறம் நீங்க தையல் கூட்டத்துக்குப் போற நாள்லல்லாம் ஒரு சுத்து. மலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம். ஏத்திக் கட்டறதும் நான்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கர்ட்கிட்ட சொல்லுவீங்களாம். கர்ட் மொதல்ல பைக்க விப்பானாம், அப்புறம் இந்த வண்டிய விப்பானாம், அப்புறம் ஒங்க ரெண்டு பேரையும் எங்கயாவது ஒரு ரூம்ல கொண்டுபோய் வெப்பானாம்."

கதவோரம் மரப்பெட்டியோடு வந்து நின்ற கர்ட் தன் ஷூவைப் பார்த்தான்.

"அப்புறம்..." ட்வைலா தயங்கினாள். "நீங்க சிரிப்பீங்கன்னாரு. ஒங்களக் காலமெல்லாம் மூட்டைன்னு சொல்லிட்டாராம். மொதல் நாள் வளைவுல நான் ஒரு பக்கம் சாஞ்சா அவரு எதிர்ப்பக்கம் சாயறாரு. ரெண்டு பேரும் விழப் பாத்தோம். நாப்பது வருஷம் அவ எப்படித்தான் ஒக்காந்திருந்தாளோன்னு அன்னிக்குக் கேட்டாரு."

பொய் என்று சொல்ல மார்லிஸ் வாயெடுத்தாள். அதற்குள் ஊரிலிருந்து வந்த வழி நினைவுக்கு வந்தது. பின்னால் எண்ணூறு பவுண்டு தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் உன் கைக்கு அடங்காது என்று வருஷக்கணக்காக அவளை வீட்டு வண்டியை ஓட்டவிடாதவன், இந்த முறை ஊரைத் தாண்டுவதற்குள் "கண்ணு கூசுது, நீயே ஓட்டு" என்று இறங்கிக்கொண்டான். மினசோட்டாவிலிருந்து இங்கே வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். சோம்பேறி என்று வழியெல்லாம் திட்டினாள். பட்டன் வைத்த சட்டை ஒன்றையும் அவன் எடுத்துவரவில்லை. குளிர்காலம் பூராவும் தலைவழியாக மாட்டுகிற பனியன்தான். பிச்சைக்காரன் மாதிரி இருக்கிறாய் என்று அதற்கும் திட்டினாள். ஒரே மேசையில் எதிரெதிரே சாப்பிட்டும், அந்தக் கையை அவள் பார்க்கவில்லை. அவன்மேல் வந்த கோபம் பாதியில் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது.

மெல்ல இறங்கினாள். தெருவில் பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்ட ஆரம்பித்திருந்தன.

"அப்பாவ பைக்கோட சைடு பெட்டிக்குள்ள வெச்சுடவாம்மா?" என்றான் கர்ட்.

"வேணாம். பின்சீட்ல வை."

அவளே பட்டை போட்டாள். பெட்டி அசையாத வரைக்கும் இறுக்கினாள். மிச்ச நுனியில் முதலில் முடிச்சுப் போடப் போனாள். பிறகு அதைச் சுருட்டி, ஊதா ஹேர்பேண்டை மாட்டினாள்.

ட்வைலா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். மேடையிலிருந்து மெதுவாகத் தரைக்கு இறக்கினாள்.

"வளைவுல பாத்துப் போ" என்றாள் மார்லிஸ். "அவனுக்குச் சாயத் தெரியாது."

"தெரியும். கடைசில கத்துக்கிட்டாரு."

"இரு, இரு. எடுக்காத."

மார்லிஸ் வலிக்கிற முட்டியைத் தரையில் ஊன்றிக் குனிந்து, ஒரு ஃபுட்ரெஸ்டை விரித்தாள். பின்னால் வரிசையாக எல்லா வண்டிகளும் உறுமிக்கொண்டு காத்திருந்தன. வண்டியைப் பிடித்து எழுந்து, மெதுவாகச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்து ஃபுட்ரெஸ்டையும் விரித்துவிட்டாள்.